பிள்ளையார் சதுர்த்திக்குள் தீபாவளி

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கதைகளை ஏழெட்டு வருடமாகப் படிக்கிறேன். இந்தக் கடிதம் கதையைப் பற்றி இல்லை, மன்னிக்கவும். கடைகள் வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுக்கிற காம்ப்ளிமெண்ட் பொருளை, அவர்கள் பெயர் போட்டுச் செய்து கொடுப்பது என் தொழில். கட்டைப்பை, தாம்பூலப் பை, பேனா, சாவிக்கொத்து, டைரி, காலண்டர். நானும் மனைவியும், அச்சுக்கு ஒரு பையனும். வருட வருமானத்தில் பாதி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில்தான்.

போன தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது 20 சதவீதம் தள்ளுபடி என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். ஆர்டர் வந்தது. பாதியை நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை, கொடுத்த பாதியிலும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. இந்த வருடம் எப்படித் திட்டமிடுவது? பிள்ளையார் நோன்புக்குச் சனங்கள் கூடுகிற இடத்தில் என் கடைப் பெயர் போட்ட சாவிக்கொத்து கொடுக்கலாமா என்றும் ஒரு யோசனை. நீங்கள் அச்சகத்தில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ஆர்., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

தள்ளுபடிக் கணக்கை முதலில் முடித்துக்கொள்வோம். ஒரு கட்டைப்பையை 40 ரூபாய்க்கு விற்கிறீர்கள், துணி, தையல், அச்சு எல்லாம் சேர்த்து 30 ஆகிறது என்று வையுங்கள். 20 சதவீதம் தள்ளினால் பை 32 ரூபாய். பத்து ரூபாய் நின்ற இடத்தில் இரண்டு ரூபாய் நிற்கும். பழைய லாபத்தைப் பார்க்க ஐந்து மடங்கு பை அடிக்க வேண்டும். அடிக்க இருப்பது ஒரு பையன், பதினைந்து நாள். அவன் என்ன செய்வான்?

ஆனால் தள்ளுபடியைவிடப் பெரிய தப்பு தேதியில் இருக்கிறது. சனங்களுக்குத் தீபாவளி ஐப்பசியில். ஜவுளிக்கடைக்காரருக்குப் புரட்டாசியிலேயே வந்துவிடும், அப்போது பை அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்க வேண்டும். உங்களுக்கு அது ஆடியிலேயே வந்தாக வேண்டும். சிவகாசிக்காரர்களைப் பாருங்கள். அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு வெளியிட்டுவிடுகிறார்கள். ஜனவரியில் சுவரில் தொங்கப்போகிற தாளுக்கு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வியாபாரம். அச்சடித்தே வளர்ந்த ஊர் அது. அவர்கள் ஆடியில் தொடங்குகிறார்கள், நீங்கள் ஐப்பசியில் நோட்டீஸ் அடிக்கிறீர்கள்.

பின்னாலிருந்து எண்ணுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் பை கடையில் இறங்க வேண்டும். அச்சடித்து, காயப்போட்டு, கட்டி முடிக்க உங்கள் ஆள்பலத்துக்கு மூன்று வாரம். ஈரோட்டிலிருந்தோ கரூரிலிருந்தோ துணி வந்து தைத்து முடிய இரண்டு வாரம். இதெல்லாம் தொடங்கும் முன், எழுத்து சிவப்பா மெரூனா என்று முதலாளியும் அவர் தம்பியும் மைத்துனரும் பேசித் தீர்க்க இன்னொரு இரண்டு வாரம். இந்தக் கடைசி இரண்டு வாரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, சீசன் கெடுவதே அங்கேதான். ஆக, பத்து வாரம்.

இதற்கு ஒரு கெடு வேண்டும். தேதி சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. பிள்ளையார்பட்டி பக்கத்தில் இருக்கும்போது தேதி எதற்கு? பிள்ளையார் சதுர்த்தியையே கெடுவாக வையுங்கள். அதுவும் தீபாவளியும் இரண்டுமே திதிப்படி வருவதால் நடுவில் பெரும்பாலும் எட்டு வாரம்தான். அந்த மைத்துனர் விவகாரம் முடிந்த பிறகு உங்களுக்குத் தேவைப்படுகிற அதே எட்டு வாரம். ‘சதுர்த்திக்குள் பாதிப் பணம் அட்வான்ஸ் கொடுத்தால் ஸ்கிரீன் செலவு எங்களுடையது’ என்று சொல்லுங்கள். பெயரை அச்சடிக்கிற வலைச்சட்டம்தானே ஸ்கிரீன், நூறு பைக்கும் ஆயிரம் பைக்கும் அதன் செலவு ஒன்றுதான், அதனால் நீங்கள் விடுவது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். பை விலையைத் தொட வேண்டாம். ஸ்கிரீனைக் கழுவிப் பத்திரமாக வைத்தால் அவர் பொங்கலுக்குத் திரும்பி வரும்போது அந்தச் செலவும் கிடையாது. சதுர்த்தி கழித்து வருகிறவரையும் அனுப்பிவிடாதீர்கள். முழு விலை, ஸ்கிரீனுக்குத் தனி, பேனா மாதிரி சீக்கிரம் முடிகிற பொருள் மட்டும்.

நோட்டீஸ் வேண்டாம். ஏற்கெனவே உங்களிடம் வாங்கிய கடைகளில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கடைக்கும் அந்தக் கடையின் பெயரையே போட்டு ஒரு பை. ஒரே பைக்கு ஸ்கிரீன் போட்டால் கட்டுபடியாகாது, சூட்டில் ஒட்டுகிற ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிக்கொள்ளுங்கள், மொத்தமாக அடிக்கும்போது எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆடித் தள்ளுபடி நடக்கிற நேரம், சாயங்காலம் போனால் முகம் பார்க்கக்கூட ஆள் இருக்காது. காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டு முடித்த கையோடு போங்கள். கேட்லாக்கை நீட்டினால் ‘வச்சுட்டுப் போங்க’ என்பார்கள். தன் பெயர் போட்ட பையைக் கையில் வாங்கிய மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறையும் சொல்வார். குறை சொன்னால் ஆர்டர் பாதி வந்த மாதிரி.

அங்கே இரண்டு கேள்வி வரும். ‘நான்-ஓவன் பை இன்னும் மலிவாச்சே?’ என்பது ஒன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அமலான ஒருமுறைப் பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் நான்-ஓவன் கைப்பையையும் சேர்த்திருந்தார்கள், இன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். மாட்டினால் அதில் அச்சிட்டிருக்கும் பெயர் கடைக்காரருடையது, இதை அவரிடமே சொல்லுங்கள். இன்னொன்றைக் கணக்குப்பிள்ளை கேட்பார். இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, திரும்ப எடுக்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விடுவதில்லை. உங்கள் சாம்பிளுக்கும் அதே கதைதான். விவரத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கதை எழுதுகிறவன்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டைப்பை இருக்கிறது. கொடுத்த ஜவுளிக்கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. கைப்பிடியை இரண்டு முறை தைத்து என் மனைவி இன்னும் சந்தைக்கு எடுத்துப் போகிறாள். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், யாரோ சும்மா கொடுத்த காலண்டர் படம் சட்டம் போட்டு விலைக்கு நிற்கும். சாவிக்கொத்துக்கு இந்த யோகம் இல்லை. பொருளைக் குறையுங்கள். பையும் காலண்டரும் நன்றாகச் செய்தால் போதும் என்பது என் எண்ணம்.

அப்புறம் புரூஃப், அச்சுக்கு முன் சரிபார்க்கிற பிரதி. அச்சகத்தில் என் கையால் நடந்ததைச் சொல்கிறேன். காரைக்குடிக் கடை ஒன்றுக்கு 300 டைரி. எஸ்டிடி கோடு 04565 என்று போட வேண்டிய இடத்தில் 04561 என்று கோத்துவிட்டேன். அது தேவகோட்டை. உள்ளூர்க்காரர்கள் கோடு போடாமல் கூப்பிடுவதால் மாசி வரை யாருக்கும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து கூப்பிட்டவர்களுக்கெல்லாம் தேவகோட்டையில் ஒரு ஆச்சி எடுத்து, ‘இங்க மளிகை இல்லப்பா’ என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அதனால், புரூஃபில் இருக்கும் எண்ணுக்குக் கடைக்காரர் முன்னாலேயே போன் போடுங்கள். அவர் சட்டைப்பையில் மணி அடித்தால் கையெழுத்து வாங்குங்கள்.

தை மாதம் உங்களுக்கு இரண்டாவது தீபாவளி, அதுவும் நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கே உரியது. வருடமெல்லாம் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வருவார்கள், கல்யாணம் வரிசையாக நடக்கும். தாம்பூலப் பை எதுவென்று முடிவாவது வாட்ஸப்பில். ஆகவே தட்டையாக விரித்த பையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். உள்ளே தேங்காய் போட்டு, ஒருவர் கையில் தொங்கவிட்டு எடுங்கள். தேங்காய் அடங்குமா என்பதுதான் அவர்கள் சந்தேகம். கொஞ்சம் செலவழிக்கிறவர்களுக்குக் கொட்டான் என்கிற ஓலைக்கூடையைக் காட்டலாம். புவிசார் குறியீடு பெற்ற பொருள், ஓலையைக் கையால் பின்னுவது, அவசரத்துக்குக் கிடைக்காது. கார்த்திகையிலேயே சொல்லி வைக்க வேண்டும். கொட்டான் மேல் அச்சு வேண்டாம், பெயரைச் சின்னத் துணித் துண்டில் அடித்துக் கட்டிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் நோன்பு யோசனை. வேண்டாம் தம்பி. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற இடம் அது. அங்கே சாவிக்கொத்தோடு நின்றால் உங்கள் பெயர் நினைவில் நிற்கும், நீங்கள் நினைக்கிற விதத்தில் நிற்காது. கூட்டத்துக்குக் கொடுக்க நினைத்த அந்தப் பணத்தில் அந்தப் பன்னிரண்டு பைகளை இன்னும் நல்ல துணியில் செய்யுங்கள்.

மார்கழியில் என் புத்தக வெளியீடு இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கொடுக்க 200 துணிப்பை வேண்டும். பாதிப் பணத்தைச் சதுர்த்திக்குள் அனுப்பிவிடுகிறேன், ஸ்கிரீன் செலவு உங்களுடையது. புரூஃபை என்னிடம் காட்டாதீர்கள், என் மனைவிக்கு அனுப்புங்கள்.