மலையிறங்கும் ஆம்புலன்ஸில் சீரியஸ் குழந்தை: பிஜி (மேற்படிப்பு) மருத்துவர்களின் கேள்விகள்

ஊட்டியிலிருந்து கோவைக்கு ஆக்சிஜன் எவ்வளவு எடுத்துக்கொள்வது?

நிமிடத்துக்கு ஓடும் லிட்டரை நிமிடங்களால் பெருக்கி, வருவதை இரட்டிப்பாக்குங்கள். தூரம் சுமார் 85 கி.மீ.தான். ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றால் போதும் என்பதால் மூன்று மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். 8 லிட்டர் ஓட்டத்துக்கு 8×180 = 1,440; இரட்டித்தால் 2,880. முழு பி டைப் (நடுத்தர அளவு) சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும், ஆகவே இரண்டு. அழுத்தம் காட்டும் கேஜ் 150க்குப் பதில் 100 காட்டினால் உள்ளே 1,000 லிட்டர்தான், மூன்றாவது தேவை. வாயு அழுத்தத்தில் ஓடும் வென்டிலேட்டர் என்றால் அது குடிப்பதையும் சேர்க்க வேண்டும். சிலிண்டர் ஸ்பேனர் வண்டியிலேயே கட்டப்பட்டிருக்கட்டும்.

இறங்க இறங்க மூச்சுக்குழாயில் போட்ட டியூபைச் சுற்றிக் காற்று கசிகிறதே?

பாடப்புத்தகம் விமானத்தை நினைத்து எழுதப்பட்டது: மேலே போனால் காற்று விரியும் என்று எச்சரிக்கும். நமக்கு எல்லாமே தலைகீழ். சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 580 மி.மீ. பாதரசம், மேட்டுப்பாளையத்தில் 730. டியூபைச் சுற்றியுள்ள கஃப்பில் (சிறு பலூனில்) அடைத்த காற்று கீழே போகப் போகச் சுருங்கும், ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும். பிடி தளர்ந்து கசிவு வரும், எச்சிலும் உள்ளே இறங்கும். அதற்காக ஊட்டியிலேயே கூடுதலாக ஊதி வைப்பது தவறு, மூச்சுக்குழாய்ச் சவ்வு புண்ணாகும். 20–25 செ.மீ. நீரழுத்தத்தில் கிளம்பி, குன்னூரிலும் பர்லியாரிலும் வண்டியை நிறுத்தி மானோமீட்டரால் பாருங்கள்.

இன்னொன்று: காற்றழுத்தம் கூடுவதால், அதே ஆக்சிஜன் அளவிலேயே கீழே சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) ஏறும். நுரையீரல் தேறிவிட்டது என்று யாரும் மகிழ வேண்டாம். ஊட்டியில் இருந்த சாச்சுரேஷன் அளவையும் கோவை மருத்துவரிடம் சொல்லுங்கள். நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் சேர்ந்த காற்று) இறங்கும்போது சற்றுச் சுருங்கும்தான், ஆனால் வென்டிலேட்டர் அழுத்தம் அதை மீண்டும் பெரிதாக்கும். அந்தக் காற்றை வெளியேற்றும் நெஞ்சுக் குழாய் (டிரெயின்) போடாமல் கிளம்பாதீர்கள்.

வளைவில் திடீரென சாச்சுரேஷன் விழுந்தால்?

வென்டிலேட்டரைக் கழற்றி, கையால் மூச்சு கொடுக்கும் பேக்கை அழுத்துங்கள், டிரைவரை அகலமான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாது. நெஞ்சு ஏறுவதையும் கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) கோட்டையும் நம்புங்கள். டியூப் நகர்ந்ததா, அடைத்ததா, நியூமோதோராக்ஸா, கருவியா என்று அந்த வரிசையிலேயே தேடுங்கள். நகர்வதுதான் அதிகம்: தாடை நெஞ்சை நோக்கிச் சாய்ந்தால் டியூப் உள்ளே போகும், தலை பின்னால் சாய்ந்தால் வெளியே வரும். உதட்டருகே எத்தனை செ.மீ. என்று பிளாஸ்திரியில் எழுதி, தலையின் இருபுறமும் துணிச்சுருள் வையுங்கள்.

அட்ரினலின் (இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து) செலுத்தும் சிரிஞ்ச் பம்பை எங்கே மாட்டுவது?

குழந்தையின் உயரத்திலேயே. ஓடும்போது மேலே தூக்கினால் மருந்து ஒரேயடியாகப் பாயும், கீழே இறக்கினால் நின்றுபோகும். 50 மி.லி.யில் எடை×0.3 மி.கி. கலந்தால், மணிக்கு 1 மி.லி. என்பது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். இரண்டாவது சிரிஞ்சையும் கிளம்பும் முன்பே நிரப்பி லேபிள் ஒட்டிவிடுங்கள்.

பிஜிகளுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

முதலில் நிறுத்திய ஆம்புலன்ஸில், கதவை மூடி, பொம்மையோடு. ஆக்சிஜன் தீருவது, டியூப் கழன்றுவருவது, பம்ப் பேட்டரி சாவது: ஒவ்வொன்றும் பத்து நிமிடம், அதன்பின் அதைவிட நீண்ட கலந்துரையாடல். செவிலியரும் டிரைவரும் கூட இருக்கட்டும். அடுத்து, குழந்தையில்லாத வண்டியில் குன்னூர் வரை: பெல்ட் போட்டபடியே 1 மி.லி. அட்ரினலினை 9 மி.லி. சலைனில் கலந்து, கிலோவுக்கு 0.1 மி.லி. எடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு வாந்தி வரும் என்பதும் அன்றே தெரிந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் வாந்தி மாத்திரை அவர்களுக்கு வேண்டாம், எஸ்கார்ட் பட்டியலில் வேறொருவரைப் போடுங்கள்.

எந்த ரோடு?

மே மாத சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்புவது வழக்கம். ஐப்பசி மழையில் குன்னூர் ரோட்டில் மண் சரியும். போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்குப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். கோவையில் குழந்தையை ஏற்கப்போகும் மருத்துவரையும் ஊட்டியிலிருந்தே அழைத்துவிடுங்கள். காட்டுப்பகுதியில் சிக்னல் கிடைக்காது.