ஓடுகிறது, ஆனால் சரியாக ஓடவில்லை: ஸ்கூட்டர் கேள்வி-பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். வண்டி அடியோடு படுத்துவிடவில்லை. ஓடுகிறது, ஆனால் இழுக்க மாட்டேன் என்கிறது, திணறுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது. கூடவே இதுவரை மாற்றிய சாமான்களின் பட்டியலையும் எழுதியிருக்கிறீர்கள்: பிளக், பேட்டரி, கார்புரேட்டர் கிட். பழுது எதில் என்று தெரியும் முன்பே பணம் போய்விட்டது.

எனக்கு அந்தப் பட்டியலைவிட வேறு ஒரு தகவல்தான் முக்கியம். தொந்தரவு எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா, ஏற்றத்திலா, பெட்ரோல் போட்ட மறுநாளா? இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

கேள்வி: என்னுடையது பழைய கார்புரேட்டர் ஆக்டிவா. நல்லம்பள்ளியில் கிளம்பினால் தொப்பூர் போவதற்குள் திணறி நின்றுவிடும். பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். பிளக் மாற்றியாகிவிட்டது, கார்புரேட்டரும் இரண்டு முறை கழுவியாகிவிட்டது.

பதில்: கொஞ்ச தூரம் ஓடி நிற்பது, ஓய்வு கொடுத்தால் திரும்ப ஓடுவது என்றால் மூன்று காரணங்களைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் போதுமான அளவு இறங்கவில்லை, சூட்டில் கரண்ட் விடுகிறது, அல்லது டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இறுகியிருக்கிறது. மூன்றையும் வண்டி நின்ற அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வண்டி ஆறிவிடும். அங்கே அது நன்றாக ஓடும், அவரும் பாவம் என்ன செய்வார்?

நின்றவுடன் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேறிய இடத்துக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்குக்குள் இழுப்பு உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மூடியைக் கழுவி, துளையை ஊதிவிட்டாலே போதும், செலவே இல்லை.

அது இல்லையென்றால் கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குருவைத் தளர்த்தி, ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும் என்பதால் அதன் மேல் சிந்தாமல் பிடிக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பெட்ரோல் தாராளமாக வந்தால் சப்ளையில் குறை இல்லை. சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டால் கோளாறு அதற்கு மேலே இருக்கிறது: டேங்க் பில்டர், மடங்கிப்போன ஹோஸ், அல்லது பெட்ரோல் காக். பல ஸ்கூட்டர்களில் இந்த காக் இன்ஜினின் வேக்யூம் இழுப்பில் திறக்கும் வகை. அந்த மெல்லிய வேக்யூம் ஹோஸில் ஒரு விரிசல் இருந்தாலும் காக் முழுசாகத் திறக்காது. கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் இது தீராது.

பெட்ரோல் வருகிறதென்றால் ஸ்குருவை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, ஆவி அடங்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகு பிளக் கேப்பைக் கழற்றி, கையோடு கொண்டுபோன ஒரு நல்ல பிளக்கை அதில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை இன்ஜினில் ஒட்டிவைத்துக் கிக்கரை மிதியுங்கள். பளிச்சென்று நீல நிறத்தில் பொறி வர வேண்டும். மங்கலான மஞ்சள் பொறியோ, பொறியே இல்லாததோ என்றால் இக்னிஷன் காயிலையும் பிளக் கேப்பையும் சந்தேகிக்கலாம். சூடானால் விட்டு, ஆறினால் வேலை செய்யும் காயில்கள் நிறைய உண்டு.

இரண்டும் சரி என்றால் டேப்பெட். டேப்பெட் சத்தம் கேட்டால்தான் கோளாறு என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் சத்தமே போடாமல் இறுகிக் கிடக்கும் டேப்பெட்தான் அதிகம் கெடுக்கும். இன்ஜின் சூடானதும் வால்வு நீளும். விட்டிருக்க வேண்டிய இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வர வேண்டிய அழுத்தம், போய்விடும். இந்த இடைவெளியை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும். காலையில் முதல் வண்டியாக விடுகிறேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லி, முந்தின இரவே கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மகள் ஓட்டும் ஸ்கூட்டி பெப் ப்ளஸ். ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரத்துக்கு மலையேறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் நடக்கும் வேகத்தில்தான் வருகிறது. சமதரையில் பெரிதாகத் தெரியவில்லை. இன்ஜின் போய்விட்டதா?

பதில்: இல்லை அம்மா. நீங்கள் எழுதிய வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. இன்ஜின் அலறுகிறது என்றால் இன்ஜினில் பலம் இருக்கிறது, அந்தப் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆக்சிலேட்டர் கொடுத்தும் இன்ஜின் எழும்பாமல் கம்மிப்போனால்தான் பெட்ரோல், காற்று, பிளக் பக்கம் போக வேண்டும். யாராவது பிளக் மாற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டியின் இடது பக்க நீளமான கவருக்குள் பெல்ட், ரோலர்கள், கிளட்ச் ஷூ இருக்கும். அதைத் திறந்து மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் அகலம் தேய்ந்து ஒடுங்கினால் வழுக்கும். உள்பக்கம் வெடிப்பு விட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அது அறுந்தால் வண்டி ஒரு அடி நகராது. மாலை வேளையில் ஒரு பெண் பிள்ளை அந்தக் காட்டு வழியில் மாட்டிக்கொள்வதை நினைத்தால் பெல்ட் விலை ஒரு பொருட்டே இல்லை. பெரும்பாலான சின்ன ஸ்கூட்டர்களில் 20,000 கி.மீ.-ஐ ஒட்டி பெல்ட் மாற்ற வேண்டிவரும். தினமும் மலையேறும் வண்டிக்கு அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. ரோலர்கள் உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வெட்டி வெட்டி இழுக்கும். கிளட்ச் ஷூ கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் அதுவும் வழுக்கும், கிளம்பும்போது வண்டி நடுங்கும்.

பெல்ட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் புது பெல்ட் போட்டு மூடிவிடக் கூடாது. ஏதோ ஒரு ஆயில் சீல் ஒழுகுகிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே பாதையில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் கொடுக்கும் பிடிப்பு ஏற்கெனவே குறைவு. அணைத்துவிட்டால் அதுவும் போய், முழுப் பாரமும் டிரம் பிரேக் மேல் விழும். டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. இன்ஜின் ஓடட்டும், வேகம் ஏறும் முன்பே இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இதை மகளிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: தளியில் இருக்கிறோம். மார்கழி காலையில் ஸ்டார்ட் செய்வதற்குள் கால் வலித்துவிடுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வேறு.

பதில்: சோக் கேபிள் முழுசாக இழுக்கிறதா என்று பாருங்கள், பல பழைய வண்டிகளில் அது துருப்பிடித்துச் சும்மா தொங்கும். சோக் போட்டிருக்கும்போது ஆக்சிலேட்டரைத் திருகாமல் கிக் அடியுங்கள். வெள்ளைப் புகை இரண்டு நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் நீராவி. நீல நிறத்தில், எண்ணெய் வாடையோடு நிற்காமல் வந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: காவேரிப்பட்டினம். பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த ஜுபிடர். மழை நாளில் பெட்ரோல் போட்டேன், மறுநாள் முதல் வெட்டி வெட்டி ஓடுகிறது. மீட்டரில் இன்ஜின் விளக்கும் எரிகிறது. சென்சார் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் நேரக் கணக்கைப் பார்த்தால் முதலில் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் அளவுக்கு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் போய்த் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியில் இருந்துதான். தண்ணீர் பங்க்கில்தான் கலந்தது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. மூடியின் ரப்பர் கெட்டு, மழையிலோ வாட்டர் சர்வீஸிலோ நேராக இறங்கியிருக்கவும் கூடும்.

டேங்கின் அடிப் பெட்ரோலைக் கொஞ்சம் எடுத்து, நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுசாகக் காலி செய்து, கழுவி, புதுப் பெட்ரோல் போட வேண்டும். பாதி டேங்க் நல்ல பெட்ரோலை அதன் மேல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெட்ரோல் சுத்தம் என்றால் அடுத்தது பேட்டரி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு சின்ன ஸ்கூட்டர்கள் எல்லாம் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் கரண்டில் ஓடுபவை. பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தாலே வெட்டல் வரும். அப்புறம், வண்டி மாந்தோப்பு வீட்டில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டைத் தூக்கி, ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்கேனர் மாட்டி, பழுதைக் குறிக்கும் எந்தக் கோடு எண் வருகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சென்சார் பெயரைச் சொல்லும் கோடு அந்த சென்சார் கெட்டுவிட்டது என்று உறுதி சொல்வதில்லை. அதற்குப் போகும் ஒயர் அறுந்தாலும் அதே கோடுதான் வரும்.

இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோலை வற்றும் வரை ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

கேள்வி: பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை வேலை. லிட்டருக்கு 45 கொடுத்த வண்டி இப்போது 33 தான் கொடுக்கிறது. பிளக் கரியாக இருக்கிறது.

பதில்: கல் தூசி. ஏர் பில்டர் அடைத்து, காற்றுக் குறைந்து, பெட்ரோல் அதிகமாக எரிகிறது. கரி பிடித்த பிளக் அதைத்தான் சொல்கிறது. நல்ல நிலையில் பிளக் முனை காபிப் பொடி நிறத்தில் இருக்கும். ஸ்பாஞ்ச் வகை பில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, லேசாக எண்ணெய் தடவிப் பிழிந்து போடலாம். எண்ணெய்ப் பசையோடு வரும் காகித பில்டரைக் கழுவவும் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. அடித்தால் காகிதம் கிழிந்து, கல் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். புத்தகத்தில் போட்டிருக்கும் கி.மீ. கணக்கு சாதாரண சாலைக்கு. உங்களுக்கு அதில் பாதியிலேயே மாற்ற வேண்டியிருக்கும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் கையால் சுற்றியும் பாருங்கள். பிரேக் கட்டை உரசிக்கொண்டே இருந்தால் அதுவும் மைலேஜைத் தின்னும்.

கேள்வி: அரூர். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர். மரவள்ளி மூட்டை ஏற்றினால் முன்பு போல இழுக்கவில்லை.

பதில்: சைலன்சரில் கரி. கழற்றி, உள் குழாயையும் சிலிண்டரின் புகை வாயையும் சுரண்டிவிடுங்கள். பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லி என்பது வழக்கமான அளவு. பாரம் ஏற்றுகிறோமே என்று கூடுதலாக ஊற்றினால் கரிதான் கூடும்.

கேள்வி: ஓசூரில் வேலை. வண்டி இழுக்கவில்லை என்று காட்டியதற்கு, போர் (சிலிண்டரின் உள்சுவர்) போய்விட்டது, இன்ஜின் பிரிக்க வேண்டும் என்றார்கள். பெரிய தொகை கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சத்தத்தை மட்டும் கேட்டுச் சொன்னார்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். போர் தேய்ந்த வண்டிக்கு அடையாளம் உண்டு. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை வரும், ஆயில் அளவு மாதா மாதம் இறங்கும், கிக்கர் மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் லேசாகப் போகும். நீண்ட நேரம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு சீல், சின்ன வேலை.

கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக வந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன, அவர்கள் சொன்னது சரி. ஏறவில்லை என்றால் முதலில் டேப்பெட், அப்புறம் வால்வு. அந்த வேலைக்குப் போர் போட வேண்டியதில்லை. அளக்க மறுக்கும் இடத்தில் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிரிப்பது என்று முடிவானால், கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் உங்கள் கையில் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.