ஒபாமா முதலில் ஜெயித்த மாநில செனட் தொகுதி எது? அங்கே தேர்தல் எப்படி நடக்கும்?

இல்லினாய் மாநிலத்தின் 13-வது செனட் தொகுதி. சிகாகோவின் தெற்குப் பக்கம், ஹைட் பார்க்கைச் சுற்றிய பகுதி. வாஷிங்டனில் இருக்கும் செனட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மாநில சட்டமன்றத்தின் மேலவை. மொத்தம் 59 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 2 லட்சம் பேர்.

1996 தேர்தல்தான் சுவாரசியம். அப்போது உறுப்பினராக இருந்த ஆலிஸ் பால்மர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடக் கிளம்பினார், ஒபாமாவையும் ஆதரித்தார். அங்கே தோற்றதும் பழைய இடத்துக்கே திரும்ப நினைத்தார். வேட்பாளராக நிற்க அப்போது 757 வாக்காளர்களின் செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டியிருந்தது. ஒபாமா தரப்பு போட்டியாளர்களின் மனுக்களைத் தாள் தாளாகச் சரிபார்த்தது. கையெழுத்திட்டவர் தொகுதிக்கு வெளியே வசிப்பவரா? அந்தக் கையெழுத்தை அடித்துவிடு. கையெழுத்துக்குப் பதில் பெயரை அச்செழுத்தில் எழுதினாரா? அதையும் அடித்துவிடு. கடைசியில் பால்மர் உட்பட நான்கு பேரும் வாக்குச்சீட்டிலேயே இல்லை; ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில் ஒபாமாவுக்குப் போட்டியே இல்லாமல் போனது. சட்டப்படி சரிதான். ஆனால் அந்த உள்தேர்தலில் மக்களுக்குத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது என்பது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், பதவிக்காலம் எப்போதும் 4 ஆண்டு இல்லை. பத்தாண்டுக்குள் ஒருமுறை 2 ஆண்டு வரும். அதனால்தான் 1998-இலேயே ஒபாமா மறுபடி நின்றார். 2001-இல் தொகுதி எல்லைகளைப் புதிதாக வரையும் ஆணையத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள்! ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. புதிய எல்லைப்படி 13-வது தொகுதி வடக்கே பணக்கார ஏரிக்கரைப் பகுதி வரை நீண்டது.