ஏற்காடு மலைக்கு சைக்கிளில் ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நண்பர்களோடு சைக்கிளில் மலையேறுவது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏற்காட்டைப் பற்றியவை. அதனால் இந்த இதழின் பதில்களை அந்த மலையை வைத்தே சொல்கிறோம். மற்ற மலைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாங்கள் எட்டுப் பேர். தினமும் சமதளத்தில் 15 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஏற்காடு போய் அன்றே இறங்க முடியுமா? எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?
– வாசகர், ஈரோடு

முடியும். முதலில் ஞாயிற்றுக்கிழமையை மாற்றுங்கள். விடுமுறை நாளில் அந்தப் பாதையில் காரும் பைக்கும் வரிசை கட்டும். மே மாதக் கோடை விழா நாட்களைக் கேட்கவே வேண்டாம். எட்டுப் பேரும் ஒரு வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து மேலே ஊர் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அதாவது 100 மீட்டர் போனால் சராசரியாக 5, 6 மீட்டர் ஏறியிருப்பீர்கள். இடையில் மூச்சு வாங்கச் சமதளம் அதிகம் கிடைக்காது. பழக்கம் குறைந்தவர்கள் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நின்று நின்று போக மூன்றரை மணி நேரம் ஆகும். விடியும்போது அடிவாரத்தில் இருந்தால் ஒன்பதரை மணிக்கு ஏரிக்கரையில் டீ குடிக்கலாம். எட்டு மணிக்குக் கிளம்பினால் கீழ்ப்பகுதியின் வறண்ட சரிவிலேயே வெயிலில் வதங்கிவிடுவீர்கள். காப்பித் தோட்ட நிழல் மேலே போன பிறகுதான் வரும். இறங்குவதற்கு மதியம் இரண்டு மணியைத் தாண்ட வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிற்பகலில் மழையும் மூடுபனியும் சேர்ந்து வரும்.

சமதளத்தில் 15 கிலோமீட்டர் ஓட்டுவது இதற்குப் போதிய பயிற்சி ஆகாது. உங்கள் பக்கத்திலேயே சென்னிமலை இருக்கிறது. மலைப்பாதையில் சைக்கிளை விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, ஒரே காலையில் மூன்று முறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூன்றாவது முறையும் உட்கார்ந்தபடியே ஏற முடிகிறவர் ஏற்காட்டுக்குத் தயார்.

கியர் இல்லாத சைக்கிளில் ஏற முடியாதா? நண்பர் ஒருவரிடம் அதுதான் இருக்கிறது.
– வாசகர், தர்மபுரி

சாதாரண சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஐந்து மீட்டர் நகரும். மணிக்கு 9 கிலோமீட்டரில் ஏறும்போது பெடல் ஒரு நிமிடத்துக்கு 30 சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் முழு எடையையும் முட்டியில் போட்டு மிதிக்க வேண்டும். மூன்று மணி நேரம் அப்படி மிதித்தால் முட்டி வலி ஒரு வாரத்துக்குப் போகாது. முன்னால் 28, பின்னால் 34 பல் இருக்கும் கியர் சைக்கிளில் அதே வேகத்துக்கு 85 சுற்று வரும். மிதி லேசாக இருக்கும். பற்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பல் அதிகமாகவோ சமமாகவோ இருந்தால் போதும்.

ஏற்றத்தைவிட அந்த நண்பரின் இறக்கம்தான் எங்களுக்குக் கவலை. ராட் பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக்), எஃகு ரிம் உள்ள சைக்கிள் என்றால் மழையில் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் வழுக்கும். அவருக்கு ஒரு நாளைக்கு வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுங்கள்.

கியர் உள்ளவர்கள் செய்யும் தவறு ஒன்று: வளைவுக்குள் நுழைந்து திணறத் தொடங்கிய பிறகு கியரை மாற்றுவது. செயினில் முழு பாரம் இருக்கும்போது மாற்றினால் அது பல்லில் ஏறாமல் நழுவும், சில சமயம் அறுந்தே போகும். இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நம் ஓரம் உள்வட்டம். அந்தச் சில மீட்டர்தான் இருப்பதிலேயே செங்குத்து. பத்து மீட்டர் முன்பே லேசான கியருக்கு வந்து, மாற்றும் நொடியில் மிதியைத் தளர்த்துங்கள். வலது பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் இருப்போம். சரிவு குறையும், அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

இறங்கும்போது பிரேக் பிடிப்பு பாதியிலேயே குறைந்துவிட்டது. போன மாதம்தான் புதுக் கட்டை போட்டோம். காரணம் என்ன?
– வாசகர், கிருஷ்ணகிரி

கட்டை பழையதா புதியதா என்பதைவிட, பிரேக்கை எப்படிப் பிடித்தீர்கள் என்பதைப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. காற்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதி ரிம்மிலோ, டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தின் நடுவில் உள்ள டிஸ்க் தட்டிலோதான் சூடாக இறங்குகிறது. பயத்தில் லீவரை விடாமல் லேசாக இழுத்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆறவே வாய்ப்பில்லை. ரப்பர் இளகிப் பிடிப்பு குறையும். ரிம் பிரேக் சைக்கிளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ரிம்மின் சூட்டில் டியூபுக்குள் காற்றழுத்தம் கூடும், பழைய பஞ்சர் ஒட்டு இளகும், வளைவில் டயர் வெடிக்கும்.

நேரான பகுதியில் லீவரை முழுக்க விடுங்கள். வேகம் 25 கிலோமீட்டரைத் தொடும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து மூன்று நான்கு நொடி அழுத்தமாகப் பிடித்து, மறுபடி விடுங்கள். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, வேகத்தைப் 10 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் மணல், சருகு, வண்டி சிந்திய டீசல் ஏதாவது ஒன்றில் முன்சக்கரம் சறுக்கும். வளைவின் வெளிப்பக்க பெடல் கீழே இருக்கட்டும். கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும்.

ஐந்து வளைவுக்கு ஒரு முறை நின்று ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாமலே அனல் அடித்தால் பத்து நிமிடம் ஆற விடுங்கள். டிஸ்க்கைக் கையால் தொடவே வேண்டாம். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முதல் நாள் பார்க்க வேண்டியவை: லீவரை முழு பலத்தோடு இழுத்தாலும் ஹேண்டில்பாருக்கும் லீவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் லீவர் அருகே உள்ள அட்ஜஸ்டர் திருகை வெளிப்பக்கமாகத் திருப்பிக் கேபிளை இறுக்குங்கள். கேபிள் நட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிடுங்கள். ரப்பர் கட்டையின் முகத்தில் அலுமினியத் துணுக்குகள் மினுமினுத்தால் ஊசியால் நோண்டி எடுங்கள்; கட்டை டயரை உரசக் கூடாது. டிஸ்க் பேடின் உராய்வுப் பூச்சு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் தண்டின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள்; ‘டக் டக்’ என்று தட்டினால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. இறக்கத்தில் அது ஹேண்டிலையே நடுங்க வைக்கும்.

டிஸ்க் பிரேக்காரர்களுக்கு ஒன்று. முதல் நாள் இரவு செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் போதும், மறுநாள் பிடிக்காது. ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, செயின் கண்ணிகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே உள்ளதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

எட்டுப் பேரும் ஒரே வேகத்தில் போக முடியவில்லை. எப்படிச் சேர்ந்து போவது?
– வாசகர், சேலம்

ஏறும்போது சேர்ந்து போக முயலவே வேண்டாம். மெதுவானவர் வேகமானவரைத் துரத்தினால் பத்தாவது வளைவில் களைத்து உட்கார்ந்துவிடுவார். வளைவுகளுக்கு எண் போட்ட பலகை இருப்பது நமக்கு வசதி. 5, 10, 15 தாண்டி அகலமான ஓரம் கிடைக்கும் இடத்தில் முன்னே போனவர்கள் நின்றால், கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே எல்லோரும் கிளம்ப வேண்டும். அவர் வந்ததும் மற்றவர்கள் எழுந்துவிட்டால் அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. கருவிப்பையும் பம்பும் கடைசியில் வருபவரிடம் இருக்கட்டும். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் பஞ்சராகி நிற்பவருக்காக அவர் திரும்பி இறங்க வேண்டிவரும்.

வளைவில் எதிரே பஸ் வந்தால் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே இடது ஓரத்தில் காலை ஊன்றி நில்லுங்கள். இறங்கும்போது ஆளுக்கு ஆள் 30 மீட்டர் இடைவெளி, யாரும் யாரையும் முந்தக் கூடாது.

பஞ்சர் ஒட்டிய இடத்திலேயே மறுபடி காற்று இறங்குகிறதே?
– வாசகர், ஆத்தூர்

பெரும்பாலும் சொல்யூஷன் (பஞ்சர் பசை) காயும் முன்பே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துவதால்தான். டியூபில் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேயுங்கள். சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக, மெல்லிய படலமாகத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரப் பளபளப்பு மறைந்து மங்கலாகி, விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டால் பிசுக்கென்று இருக்க வேண்டும், விரலில் வரக் கூடாது. அதன் பிறகு ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

அடுத்த காரணம், டயருக்குள்ளேயே முள் இருப்பது. அடிவாரச் சாலையோரங்களில் சீமைக் கருவேல முள் ஏராளம். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்தால் முள் துணியில் மாட்டும். அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால் முள் காரணமல்ல. காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியதில் ரிம் நசுக்கியிருக்கிறது. காற்றழுத்தம் இரண்டு அங்குல அகல டயருக்கு 40 பி.எஸ்.ஐ., 700x35 என்று அளவு போட்ட மெல்லிய டயருக்கு 60 பி.எஸ்.ஐ. வைத்துப் பாருங்கள். மலையில் ஒட்டிக்கொண்டு உட்காராமல் ஆளுக்கு ஒரு மாற்று டியூப் கொண்டுபோவதே நல்லது. நண்பருடையது பொருந்தும் என்று நம்ப வேண்டாம். சக்கர அளவும் வால்வும் வேறாக இருக்கலாம், பம்பு இரண்டு வகை வால்வுக்கும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. என்ன சாப்பிடலாம்?
– வாசகி, நாமக்கல்

கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு நான்கைந்து இட்லி. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஏறத் தொடங்கிய பிறகு மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும், பசி தெரிவதற்கு முன்பே. பழத்தைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். கேரியரில் தொங்கவிட்டால் வழியில் உள்ள குரங்குகள் உங்களுக்கு மிச்சம் வைக்காது. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், ஒரே மூச்சில் குடிக்காமல் பத்து நிமிடத்துக்கு இரண்டு மிடறு. வியர்வை அதிகம் உள்ளவர்கள் ஒரு பாட்டிலை ஓ.ஆர்.எஸ். கரைசலாக வைத்துக்கொள்ளலாம், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள்.

பிடிப்புக்குச் சீட்டின் உயரமும் காரணமாகலாம். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்கு இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். அப்போதும் முட்டி மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு.

முதல் மலைப் பயணத்துக்குக் கொல்லிமலையைத் தேர்ந்தெடுக்கலாமா?
– வாசகர், ராசிபுரம்

வேண்டாம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள், அடுத்தடுத்து வருகின்றன. ஒரு வளைவில் சூடான பிரேக் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஏற்காட்டில் இரண்டு முறை ஏறி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது கைக்குப் பழகிய பிறகு, புதுக் கட்டை போட்டுக்கொண்டு கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியிலிருந்து ஏறுங்கள்.