பாலிசி இருக்கு, பணம் ஏன் வரல? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லைஃப் இன்சூரன்ஸ் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சின்னதா ஒரு வரிதான் போட்டோம். கடலூர்லேந்தும் பாண்டிலேந்தும் வந்த லெட்டர், வாட்ஸப் எல்லாம் சேத்து பாத்தா முக்காவாசி ஒரே கேள்விதான், எதுக்கெல்லாம் பணம் குடுக்க மாட்டாங்க? பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்ததால ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

என் மச்சான் பாண்டில குடிச்சிட்டு பைக் ஓட்டிட்டு வரும்போது கன்னியகோயில் கிட்ட விழுந்து இறந்துட்டாரு. குடிச்சிருந்தா ஒரு பைசா வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா சார்? – பாகூர்

பாதி நிஜம். பாலிசி பாண்ட எடுத்து வச்சு பாருங்க, ரெண்டு விதமான பணம் இருக்கலாம். ஒன்னு அடிப்படை தொகை, இன்னொன்னு விபத்துன்னா கூடுதலா வர்ற ரைடர். குடிபோதை, சட்டத்த மீறினது, ரேஸ், போர், கலவரம்னு நீளமா ஒரு பட்டியல் இருக்கும் பாருங்க, அது பெரும்பாலும் ரைடருக்கு உண்டானது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல ஆல்கஹால்னு வந்துட்டா ரைடர் பணத்த மறந்துடுங்க. ஆனா அடிப்படை தொகைக்கு, சாவு எப்படி நடந்ததுன்னு பாத்து நிறுத்தறதுன்னா வழக்கமா முதல் வருஷ தற்கொலை ஒன்னுதான். உங்க பாண்ட்ல வேற ஏதாச்சும் எழுதியிருக்கான்னு மட்டும் ஒரு தடவ படிச்சிட்டு தைரியமா க்ளைம் போடுங்க. ஊர் பேச்ச கேட்டு க்ளைமே போடாம விட்டவங்கள நான் பாத்திருக்கேன், அதான் வயித்தெரிச்சல்.

வீட்டுக்காரர் ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் கூட முடியல. அவருக்கு சுகர் இருந்தத ஃபாரம்ல சொல்லலன்னு கம்பெனி பணம் தர முடியாதுன்னுட்டாங்க. ஏஜென்ட் கிட்ட மாத்திரை சாப்பிடறத சொன்னோம், அவர்தான் அதெல்லாம் போட்டா பிரீமியம் ஏறும்னு இல்லன்னு டிக் பண்ணாரு. – மஞ்சக்குப்பம்

தங்கச்சி, இதுதான் நம்ம ஊர்ல அதிகமா நடக்கறது. ஹோட்டல் மேசைல டீ கிளாஸ் பக்கத்துல ஃபாரத்த வச்சிட்டு, பென்சில்ல ஒரு புள்ளி வச்ச எடத்துல எல்லாம் கையெழுத்து வாங்கிட்டு, கேள்விக்கெல்லாம் பதில ஏஜென்ட் ஆபீஸ்ல உக்காந்து போடுவாரு. இங்கிலீஷ் ஃபாரம்ல தமிழ்ல கையெழுத்து போட்டா, இத நான் அவருக்கு புரியற பாஷைல விளக்கி சொன்னேன்னு இன்னொருத்தர் கையெழுத்து போடற எடம் ஒன்னு இருக்கும். அங்க யார் போட்டிருக்காங்கன்னு மொதல்ல பாருங்க. பாண்டோட அந்த ஃபாரம் காப்பியும் வந்திருக்கணும், இல்லன்னா எழுதி கேளுங்க.

இப்ப சட்டம். இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 45, 2015ல திருத்தினது. பாலிசி ஆரம்பிச்சு 3 வருஷம் முழுசா முடிஞ்சா, ஃபாரம்ல பொய் சொன்னாருன்னு எந்த காரணத்துக்காகவும் அத கேள்வி கேக்க முடியாது, மோசடின்னு கூட சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரர் 3 வருஷத்துக்குள்ள போனதால கம்பெனிக்கு கேக்கற உரிமை இருக்கு, அத மறைக்க வேணாம். ஆனா சும்மா தர மாட்டோம்னு சொன்னா ஆகாது, என்ன காரணம், எந்த ஆதாரம்னு எழுத்துல குடுக்கணும். அந்த விஷயம் அவங்க ஏத்துக்கிட்ட ரிஸ்க்க நேரடியா பாதிக்கணும், தெரிஞ்சிருந்தா பாலிசியே குடுத்திருக்க மாட்டோம்னு காட்டற பொறுப்பு கம்பெனியோடது. மோசடின்னு சொல்லாம தகவல் மறைச்சதா மட்டும் சொல்லி நிராகரிச்சா, கட்டின பிரீமியம் மொத்தமும் 90 நாளுக்குள்ள திரும்ப வந்தாகணும். வந்துச்சா? லெட்டர்ல மோசடின்னு போட்டிருக்காங்களா இல்லையான்னு அதனாலதான் ஒரு வார்த்தை விடாம படிக்க சொல்றேன். மோசடின்னு போட்டிருந்தா, அப்படி இல்லன்னு நிரூபிக்கற சுமை உங்க தலைல வந்துடும்.

இன்னொன்னு, இது நிறைய ஏஜென்ட்டுக்கே தெரியாது. பாலிசிய பேசி முடிச்சு குடுக்கறவர் கம்பெனியோட ஆள்னுதான் எடுத்துக்கணும்னு அதே பிரிவுல விளக்கம் இருக்கு. அவர்கிட்ட சொன்னது கம்பெனிகிட்ட சொன்ன மாதிரிங்கறதுதான் உங்க வாதம். வாயால சொன்னதுக்கு சாட்சி இருக்கா, வாட்ஸப் மெசேஜ் ஏதாவது கெடக்கான்னு தேடுங்க. சுகர் மாத்திரை எப்போலேந்துன்னு டாக்டர் சீட்டும் எடுத்து வைங்க, பாலிசிக்கு அப்புறம் வந்த சுகர்னா கதையே வேற.

மொதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாசம் ஆகியும் பதில் இல்ல, இல்ல வந்த பதில் சரியில்லன்னா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்ற அதிகாரி) கிட்ட போங்க, ஃபீஸ் கெடையாது, வக்கீல் வேணாம், கம்பெனி கைவிரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும். கடலூருக்கு சென்னை ஆபீஸ்தான், பாண்டி காரைக்காலுக்கும் அதேதான் (மாஹேகாரங்க கொச்சிக்கு போகணும், ஒரே யூனியன் பிரதேசம்தான், என்ன செய்ய). பணம் கண்டிப்பா கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கேக்காம விடற கேஸ் இல்ல இது.

என் தம்பி கடலுக்கு போயி பதினோரு மாசம் ஆவுது, ஃபைபர் படகு மட்டும் கெடச்சுது, ஆள் கெடைக்கல. பாலிசி பணம் கேட்டா 7 வருஷம் ஆகணும்ங்கறாங்க. அதுவரைக்கும் பிரீமியம் எதுக்கு கட்டணும்? – தேவனாம்பட்டினம்

கட்டணும்ணே, நிறுத்தாதீங்க. 7 வருஷம் சேதி இல்லன்னா இறந்துட்டாருன்னு சட்டம் எடுத்துக்கும், ஆனா என்னைக்கு இறந்தாருன்னு அது சொல்லாது. 2004ல சுப்ரீம் கோர்ட் இதத்தான் சொல்லிச்சு, காணாம போன அன்னைக்கே இறந்ததா தானா எடுத்துக்க முடியாது, நடுவுல பிரீமியம் நின்னு பாலிசி லேப்ஸ் ஆயிருந்தா முழு தொகைய கேக்க முடியாதுன்னு. லேப்ஸ் ஆன பாலிசிய உயிர்ப்பிக்கலாம்னு ஆபீஸ்ல சொல்வாங்க, அதுக்கு நான் நல்லா இருக்கேன்னு பாலிசிதாரரே கையெழுத்து போடணும். உங்க தம்பி எங்கேந்து போடுவாரு? அதான் மாசா மாசம் கட்றதா இருந்தா 15 நாள், மத்ததுன்னா 30 நாள் அவகாசம், அத தாண்ட விடாதீங்க.

7 வருஷம் காத்திருக்காம முடிக்க ஒரு வழி இருக்கு, இறந்தத வேற ஆதாரத்தால காட்டறது. கூட போனவங்க யாராச்சும் அவர் அலைல விழுந்தத பாத்தாங்களா, போலீஸ்ல எஃப்ஐஆர் என்ன தேதி, மீன்வளத்துறைல தேடினதுக்கு என்ன பதிவு, போட்டு எந்த நெலமைல கெடச்சுது, எல்லாத்தையும் இப்பவே சேத்து வச்சு கோர்ட்ல போயி கேளுங்க. 2004 சுனாமில காணாம போனவங்களுக்கு விதிய தளர்த்தினாங்க, ஆனா அது அந்த பேரழிவுக்கு மட்டும் குடுத்த சலுகை, ஒரு போட்டு போனதுக்கு அத யாரும் தானா தர மாட்டாங்க.

பாலிசி எடுத்து எட்டே மாசத்துல என் அண்ணன் தற்கொலை பண்ணிக்கிட்டாரு. அண்ணிக்கு ஒன்னுமே வராதா? – வில்லியனூர்

முழு தொகை வராது. சாதாரண பாலிசின்னா கட்டின பிரீமியத்துல குறைஞ்சது 80 சதவீதம் நாமினிக்கு வரணும், யூலிப்புன்னா (கட்டற பணத்த ஃபண்ட்ல முதலீடு பண்ற பாலிசி) இறந்தத கம்பெனிக்கு தெரிவிச்ச அன்னைக்கு இருக்கற ஃபண்ட் மதிப்பு. அண்ணிய தனியா ஆபீசுக்கு அனுப்பாதீங்க, நீங்களும் கூட போங்க.

அம்மாவுக்கு பேங்க்ல 2 லட்சம் இன்சூரன்ஸ் இருக்கு, வருஷா வருஷம் அக்கவுண்ட்ல புடிக்கறாங்க. இது எதுக்கெல்லாம் வராது? – நெல்லிக்குப்பம்

ரெண்டு திட்டம் இருக்கு, ரெண்டும் 2 லட்சம்தான், அதுலதான் குழப்பமே. 436 ரூபா புடிச்சா ஜீவன் ஜோதி, எந்த காரணத்தால இறந்தாலும் உண்டு, ஆனா புதுசா சேந்த மொத 30 நாள்ல விபத்துல போனா மட்டும்தான் பணம். 20 ரூபா புடிச்சா சுரக்ஷா, விபத்துக்கு மட்டும், காய்ச்சல் மாரடைப்புக்கெல்லாம் வராது. கணக்கு ஜூன் 1லேந்து மே 31 வரைக்கும். அக்கவுண்ட்ல பேலன்ஸ் இல்லாம புடிக்காம போச்சுன்னா கவர் நின்னுடும், திரும்ப சேந்தா அந்த 30 நாளும் திரும்ப ஆரம்பிக்கும். அம்மாவோட பாஸ்புக்ல என்ட்ரி போட்டு, மே கடைசி வாக்குல 436ன்னு ஒரு வரி இருக்கா, வெறும் 20 மட்டும் இருக்கான்னு பாருங்க.