திகில் படம் ஒன்று சனத்திடம் நன்றாக ஓடுவதற்கு என்ன காரணம்?

என்னைக் கேட்டால், பேய் வருவதற்கு முந்திய நேரம்தான். அதை இழுக்கத் தெரிந்தவன் படம் ஓடும்.

சண்டைக் காலத்தில் ஷெல் குத்துகிற சத்தம் கேட்டு, அது எங்கே விழப்போகிறது என்று தெரியாமல் பங்கருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த சனம் வன்னியில் இன்னும் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள், விழுந்து வெடிப்பதை விட அந்த இடைவெளிதான் ஆளைக் கொல்லும் என்பார்கள். 1975இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ஜாஸ் என்கிற சுறாப் படத்திலும் இதுதான் நடந்தது. அவர் செய்வித்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப்போக, சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுக்க வேண்டி வந்தது. தண்ணீரும் அந்த இசையும் மட்டும்தான். சுறா ஒழுங்காகத் தெரிவதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிடும், அதற்குள் பார்க்கிறவன் பாதி செத்துவிடுவான்.

இன்னொன்று, பயம் நாங்கள் தினமும் புழங்குகிற சாமானில் வந்து குந்த வேண்டும். 2009இல் வந்த யாவரும் நலம் படத்தில் மாதவன் குடும்பம் 13பி என்கிற வீட்டுக்குக் குடிபோகிறது. அங்கே பால் திரிந்து போகிறது, லிஃப்ட் அவர் தனியே ஏறினால் மட்டும் வேலை செய்யாது, அப்புறம் வீட்டுப் பெண்கள் பார்க்கிற டிவி நாடகத்தில் வருவதெல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கத் தொடங்குகிறது. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு லிஃப்ட் பழக்கமில்லை, ஆனால் நாடகம் ஓடாத வீடு எது? அதனால்தான் இங்கே அம்மாமாரையும் அந்தப் படம் பிடித்தது. ரத்தமும் கோரமுகமும் காட்டுகிற படமென்றால் அவர்கள் இரண்டு நிமிடத்தில் எழும்பிப் போய்விடுவார்கள்.

சிரிப்பும் கொஞ்சம் வேண்டும், உண்மைதான். 2005இல் சந்திரமுகி அவ்வளவு ஓடியதற்கு வடிவேலு பயந்து நடுங்கியதும் ஒரு காரணம், பிள்ளைகளோடு குடும்பமாக இருந்து பார்க்கலாம். ஜெனரேட்டர் போட்டு முற்றத்தில் டிவி வைத்து ஊரே கூடிப் பார்த்த காலத்தில், ஒருவர் கத்தினால் எல்லோரும் கத்துவார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள், அந்தக் கூட்டுப் பயத்தைத் தேடித்தான் சனம் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்த பல படங்களில் பேயே கோமாளியாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. பேய்க்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும், அது ஏன் வந்தது என்று கடைசியில் தெரியும்போது நெஞ்சில் ஏதாவது கனக்க வேண்டும். அது இருக்கிற படத்தைத்தான் சனம் அடுத்த நாள் கிணற்றடியிலும் கடையிலும் நின்று கதைக்கும், அந்தக் கதையைக் கேட்டுத்தான் பார்க்காத ஆட்களும் தேடிப் பார்ப்பார்கள்.