வாத்து மேய்ந்த நெல் தேறுமா?

கேள்வி: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் நெல். மணிமுத்தாறு தண்ணீர் பிந்தியதால் மார்கழியில்தான் நட்டேன். இருபது நாள் பயிரை வலசை வந்த வரித்தலை வாத்துகள் ராத்திரியோடு ராத்திரியாக மேய்ந்துவிட்டன. உரக்கடையில் குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வரப்பில் வைக்கச் சொல்கிறார்கள். மகன் வெடி போடலாம் என்கிறான். எது சரி ஐயா?

பதில்: இரண்டும் சரியில்லை. விஷம் வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு உங்கள் பேரில் வரும். அந்தச் சோற்றை முதலில் தின்பது காக்கையும் உங்கள் வீட்டுக் கோழியும்தான். குருணையோடு, கடைக்காரர் 'பயிர் தேற' என்று ஒரு டானிக் பாட்டிலையும் தலையில் கட்டுவார். அதையும் வாங்காதீர்கள். வெடியா? உங்கள் ஊரில் மஞ்சள்மூக்கு நாரை வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகிறது. சத்தத்தில் கூடு கலைந்தால் குஞ்சு தரையில் கிடக்கும்.

மேய்ந்த பயிர் பிழைக்குமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. பிழைக்கும். இந்த வயதில் நெல்லின் வளரும் முனை அடித்தூரில், மண்ணை ஒட்டி இருக்கிறது. நுனி போனாலும் மறுபடி இலை விடும். ஆனால் வெட்டுப்பட்ட பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். அப்போது பழி மட்டும் வாத்தின் மேல்!

எத்தனை தடவை எழுதினாலும் நம்மவர்களுக்கு வயல் குளம் மாதிரித் தளும்பினால்தான் தூக்கம் வருகிறது. புது இலை வரும்வரை பயிர் மூழ்காத அளவுக்கு மெல்லிசாக நீர் கட்டுங்கள். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலும்தான். துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை வயலில் புதையுங்கள். அதற்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். சாயங்காலம் மடை திறந்து தேக்க வேண்டாம், நிற்கும் தண்ணீரைத் தேடி மற்ற நீர்ப்பறவைகளும் இறங்கும். வரித்தலை வாத்து காய்ந்த தரையிலும் மேயும், அது வேறு.

பறவை விரட்டக் கட்டும் மினுக்கும் ரிப்பன் ராத்திரி மேய்ச்சலுக்கு உதவாது, காசுக்குத்தான் கேடு. பயிர் தேறும்வரை இருட்டியதும் விடிவதற்கு முன்பும் டார்ச்சோடு வரப்பில் ஆள் நடக்கட்டும். குளத்துப் பக்கம் போய் விரட்ட வேண்டாம்.

ஒரு சந்தேகம், வந்தது வாத்துதானா? நுனி கத்தரித்த மாதிரி இருந்து, வரப்பில் விரல் போலப் பச்சை எச்சம் கிடந்தால் வாத்து. தூர் ஒடிந்து அடிக்குருத்து காணாமல் போயிருந்தால் நீலத் தாழைக்கோழி, சம்பு மண்டிய வாய்க்காலிலிருந்து பகலிலேயே வரும். அப்படியானால் பயிர் போன இடத்தில் மறுபடி நாற்று ஊன்ற வேண்டியிருக்கும். விடியும்போது போய்ப் பார்த்து எழுதுங்கள்.